மச்சாள் பார்க்க நான் விழுங்கிய குளிசைகள்

என் கோபம் குளிசையால் வந்தது என்று என் கணவர் இன்றைக்கும் ஆட்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிறார். கண்ணுக்குத் தந்த ஸ்டீரொய்ட் குளிசை ஆளைச் சிடுசிடுக்க வைக்கும், நித்திரையைக் கெடுக்கும், முகத்தை ஊத வைக்கும் என்று டொக்டர் முதலிலேயே சொன்னது உண்மைதான். முகம் ஊதியது. நித்திரை கெட்டது. பசியென்றால் அப்படியொரு பசி, இடியப்பத் தட்டு முழுவதையும் முடித்துவிட்டுச் சொதிச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஆனால் அந்தக் குளிசையை நிறுத்தி வெகுகாலமாகிவிட்டது. முகம் பழையபடி வற்றிவிட்டது. கோபம் மட்டும் ஒரு சொட்டும் குறையாமல் இருக்கிறது. அதற்கும் குளிசைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதற்குச் சொந்தக்காரர் இரண்டு பேர்: ஒருவர் என் கணவர், மற்றவர் அவருடைய அக்கா, என் மச்சாள்.

நான் காணி உறுதிகளை, அதாவது நிலப் பத்திரங்களை, மொழிபெயர்ப்பவள். சிங்களத்தில் எழுதியதைத் தமிழாக்குவேன், தமிழில் எழுதியதைச் சிங்களமாக்குவேன், பிழையில்லை என்று கீழே கையெழுத்து வைப்பேன். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், எங்கள் பிளாட்டின் சாப்பாட்டு மேசைதான் என் கந்தோர். என் பிழையால் ஒரு சொல் மாறினால் எங்கோ ஒருவரின் வேலி மாறிவிடும். அதனால் எனக்குக் கண்தான் சோறு.

ஒரு நாள் காலை உறுதியொன்றின் எல்லைகளை வாசித்துக்கொண்டிருந்தபோது வரிகள் நடுவில் வளைந்தன. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். 'கிழக்கே' என்ற சொல்லுக்குப் பிறகு வரவேண்டிய பெயரைக் காணவில்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் அழுக்கு. தாளைத் தட்டினேன், போகவில்லை. இடது கண்ணை மூடிப் பார்த்தபோதுதான் அழுக்கு தாளில் இல்லை, என் வலது கண்ணில் என்று விளங்கியது. சுவரைப் பார்த்தால் சுவரில் இருந்தது, கணவரைப் பார்த்தால் கணவரின் மூக்கில் இருந்தது. நோவில்லை, சிவப்பில்லை, பீளையும் இல்லை.

"கண்ணாடி மாத்தோணும் போலை கிடக்கு," என்றார் என் கணவர்.

மச்சாள் கொட்டாஞ்சேனையில் இருப்பவர். புருஷன் இல்லை, ஒரே மகள். செய்தி கேட்டதும் வெள்ளிக்கிழமை பார்த்துச் செத்தல் மிளகாயும் உப்பும் கடுகும் கையுமாக வந்து, என்னைக் கிழக்குப் பார்த்து இருத்தி நாவூறு கழித்தார். மிளகாயை அடுப்பில் போட்டுவிட்டு மூக்கை நீட்டி மணந்து பார்த்தார்.

"பாத்தீரே, ஒரு கமறலும் இல்லை. அவ்வளவு கண்ணூறு உமக்கு. ஆற்றையோ பொல்லாத கண் பட்டிருக்கு."

யாருடைய கண் என்று அவருக்குத் தெரியாதாம். அன்றைக்கு நான் அவரைக் கும்பிட்டுத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு தெஹிவளையில் ஒரு கண் டொக்டரைச் சனல் பண்ணி, நம்பர் எடுத்துப் போனோம். அவர் முஸ்லிம் பெண்மணி, அதிகம் சிரிக்கமாட்டார். கண்மணியை விரிக்கிற துளிமருந்தை விட்டு, வெளிச்சத்தைப் பாய்ச்சி, மேலே பாருங்க, கீழே பாருங்க, என் காதைப் பாருங்க என்று வெகுநேரம் பார்த்தார்.

"முன்பக்கம் சுத்தமா இருக்கு. பிரச்சினை பின்னால. கண்ணோட பின்சுவர் அழன்று வீங்கியிருக்கு, பார்வை விழுற நடு இடத்துக்குக் கிட்ட. இது சும்மா வாறதில்ல. உடம்புல எங்கயோ ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடணும்."

தேடுவது என்றால் ஊசியும் படமும் என்றுதான் நினைத்தேன். அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். வீட்டில் பூனை உண்டா, வாயில் புண் வருமா, மூட்டு நோகுமா, தோலில் தழும்பு உண்டா. கண்ணைக் காட்டப் போனவளிடம் வாழ்க்கை முழுவதையும் விசாரித்தார். கண்ணின் பின்பக்க நோய்க்குப் பாதி வைத்தியம் இந்த விசாரணைதானாம். நோயாளி என்ன சொல்கிறார் என்பதை வைத்துத்தான் எந்த மருந்து என்று முடிவெடுப்பார்களாம்.

"வீட்டுல யாருக்கும் டீபி வந்திருக்கா? காசநோய்? நாட்பட்ட இருமலோட யாரும் கூட இருந்தாங்களா?"

"இல்லை டொக்டர்," என்றேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

மருந்து விட்ட கண்ணோடு தனியே நடக்க முடியாது என்பதால் கணவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். டொக்டர் அவரையும் பார்த்தார். அவர் ஃபோனை எடுத்துக் காற்சட்டைத் துணியில் திரையைத் துடைத்தார்.

"எங்கடை பக்கத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை," என்றார், துடைத்தபடி.

முன்கையில் தோலுக்குக் கீழே ஓர் ஊசி போட்டார்கள். போட்ட இடம் தடித்து எழும்பியது. நெஞ்சுப் படத்தில் ஒன்றுமில்லை. டொக்டர் கொஞ்சம் யோசித்தார். எங்கள் நாட்டில் சிறுவயதில் தடுப்பூசி போட்ட பலருக்குக் கை இப்படித் தடிக்கும், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். இன்னொரு தரமும் கேட்டார்: "வீட்டுல நிச்சயமா யாருக்கும் இல்லத்தானே?" நான் இல்லை என்றேன். கணவர் ஃபோனைத் துடைத்தார்.

அப்படித்தான் ஸ்டீரொய்ட் தொடங்கியது. சாம்பல் அழுக்கு மெல்ல வெளுத்தது, வரிகள் நிமிர்ந்தன. நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன். குளிசையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். குறைக்கக் குறைக்க அழுக்குத் திரும்பி வந்தது. இந்தத் தரம் சாம்பல் இல்லை, கறுப்பு.

டொக்டர் திரும்பவும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கைநரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றிக் கண்ணின் பின்பக்கத்தைப் படமெடுக்க வேண்டும் என்றார். எடுத்தார்கள். தோலெல்லாம் மஞ்சளாகி, மஞ்சள் பூசிக் குளிக்கப் போனவள்போல இருந்தேன். படம் எடுத்த பெண் சிங்களத்தில் சொன்னாள், இன்றைக்கு முழுவதும் ஒன்றுக்குப் போனால் சலம் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று.

வீட்டுக்கு வந்து பாத்ரூமுக்குப் போனேன். கொமோட்டில் செம்மஞ்சள். அவள் சொன்னபடிதான். ஆனால் நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த நிறத்தை அதே கொமோட்டில் நான் முன்பும் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில்.

என் கண் பழுதாவதற்கு முந்திய வருஷம் மச்சாள் எங்களோடு வந்து தங்கியிருந்தார். ஆஸ்துமா என்றார்கள். கொட்டாஞ்சேனைத் தூசு ஒத்துக்கொள்ளவில்லை, வெள்ளவத்தைக் கடல்காற்று நல்லது என்று என் கணவர்தான் கூட்டி வந்தார். மகள் வேலைக்குப் போக வசதியென்று அங்கேயே நின்றுவிட்டாள், ஞாயிறுகளில் மட்டும் வந்து பார்த்துப் போவாள். வந்த கடல்காற்றையும் குளிர்கிறது என்று யன்னலைப் பூட்டி வைத்துக்கொண்டு மச்சாள் இருமினார். அக்காவுக்குத் தனியப் படுக்கப் பயம் என்று கணவர் சொன்னதால் நான் எங்கள் சின்ன அறையில் அவர் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். முதுகு தேய்த்துவிட்டேன். அவர் துப்பிய கோப்பையைக் கழுவியவளும் நான்தான். கொஞ்ச நாளில் கணவர் அவரை எங்கேயோ கிளினிக்குக்குக் கூட்டிப் போய் வந்தார், குளிசை வந்தது, இருமல் நின்றது. கொமோட் செம்மஞ்சளானது அந்தக் குளிசை வந்த பிறகுதான்.

"இதென்ன மச்சாள், இப்பிடிப் போகுது?" என்று அப்போது கேட்டிருந்தேன்.

"விட்டமின்," என்றார்.

"அப்ப எனக்கும் ரெண்டு தாங்கோவன், எனக்கும் களைப்பாத்தான் கிடக்கு," என்றேன். மச்சாள் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அடுத்த தரம் டொக்டரிடம் போனபோது, அவர் வாய் திறக்குமுன் நான் கேட்டேன்: "டொக்டர், ஒவ்வொரு நாளும் சலத்தைச் செம்மஞ்சளாக்கிற குளிசை ஏதும் இருக்கோ?"

எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்தார். "இருக்கு. யாரு குடிச்சாங்க?"

நான் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். கணவரின் கை ஃபோனைத் தேடிச் சட்டைப்பைக்குப் போனது, பாதி வழியில் நின்றது.

"அக்கா..." என்றார். "அக்காதான் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டவ."

டொக்டர் அவர் பக்கம் திரும்பினார். "இந்தக் கேள்விய நான் ரெண்டு தரம் கேட்டேன்," என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிறகு எனக்கு விளக்கினார். கிருமி மூச்சோடு உள்ளே போய்ச் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. சிலருக்கு அது நெஞ்சைத் தொடாமல் கண்ணின் பின்பக்கத்தில் தலைகாட்டுமாம். கிருமிக்குரிய மருந்தையும் சேர்த்துத் தந்திருக்க வேண்டிய நேரத்தில் ஸ்டீரொய்ட் மட்டும் போயிருக்கிறது. மேலே வீக்கம் அடங்கியது, அடியில் இருந்தது அடங்கவில்லை. வலது கண்ணின் நடுவில் தழும்பு விழுந்துவிட்டது, அது இனிப் போகாது. இடது கண்ணிலும் ஓர் ஓரத்தில் தொடங்கியிருக்கிறது. ஒரு நாளும் விடாமல் மாதக்கணக்கில் குளிசை விழுங்கினால் இடது கண்ணைக் காப்பாற்றலாம். "காப்பாத்தலாம்" என்பதை அவர் அழுத்திச் சொன்னார். நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் நியாயம் சொன்னார்.

"அக்கான்ரை பிள்ளைக்குச் சம்பந்தம் பேசிற நேரமப்பா. கசக் குடும்பம் எண்டு ஒரு பேர் வந்தா ஆர் கேப்பினம்? நீர் கொஞ்சம் யோசியும்."

யோசித்தேன். எங்கள் ஆட்கள் ஒரு சம்பந்தம் பேசினால் மாப்பிள்ளை பகுதி முதலில் செய்வது விசாரிப்பு. விசர் உண்டா, கசம் உண்டா, கிணற்றில் விழுந்தவர் உண்டா என்று கோயிலடியிலும் கனடாவிலும் கேட்பார்கள். கேட்பவர் யாராக இருந்தாலும் பெண் பகுதி ஒரே பதிலைத்தான் சொல்லும்: எங்கடை பக்கத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை. என் கணவருக்கு அந்தப் பதில் அப்படியே வாயில் ஊறிக் கிடந்தது. கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சிக்கொண்டிருந்த டொக்டருக்கும், சம்பந்தம் பேச வந்தவருக்குச் சொல்வதுபோல அதையே எடுத்துச் சொல்லிவிட்டார். அக்கா மகளான மருமகளின் கழுத்துக்கு வரப்போகும் ஒரு தாலிக்காக மனைவியின் கண்ணைக் கொடுத்தார். என்னிடம் கேட்காமல் கொடுத்தார்.

நான் அழவில்லை. அழுகை வருமுன் பழி வந்துவிட்டது.

பழிக்கு வழியைக் காட்டியது மார்பு நோய்க் கிளினிக்தான். இந்தக் குளிசையைக் கொண்டுபோய் வீட்டில் வைத்து நினைத்தபடி விழுங்க விடமாட்டார்கள். ஒவ்வொரு நாளும் ஓர் ஆளுக்கு முன்னால் விழுங்க வேண்டும், அவர் அட்டையில் அடையாளம் போட வேண்டும். நாட்பட்ட மருந்தென்பதால் ஆட்கள் இடையில் விட்டுவிடுவார்களாம். மச்சாளுக்கு அப்படி அடையாளம் போட்டவர் என் கணவர்தான் என்று அப்போது விளங்கியது. ஒவ்வொரு நாளும் கிளினிக்குக்கு வந்துபோக என் கண் இடம்கொடுக்காது என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அப்படியென்றால் பொறுப்பான ஒருவரின் பெயரைத் தரச் சொன்னார் அங்கிருந்த தாதி.

"கவுத பலன்னே?" யார் பார்ப்பது என்று சிங்களத்தில் கேட்டார்.

கணவர் தொண்டையைச் செருமினார். நான் முந்திக்கொண்டு மச்சாளின் பெயரைச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்காவோ? ஏன் அக்கா? நான் இருக்கிறன்தானே."

"அவவுக்குத்தான் இந்தக் குளிசையைப் பற்றி நல்லாத் தெரியும்," என்றேன்.

மச்சாள் முதலில் முழங்கால் நோ என்றார். பிறகு பஸ்ஸில் சனம் என்றார். நான் ஃபோனில் நிதானமாகச் சொன்னேன். மரியாதையை விடவில்லை.

"உங்கடை மகளைப் பற்றி விசாரிக்கிற ஆக்கள் எல்லாம் மாமி என்னட்டைத்தானே ஃபோன் எடுக்கினம், மச்சாள். இண்டைக்கும் ஒராள் எடுத்தவ. நான் பிறகு கதைக்கிறன் எண்டு வச்சிட்டன். நீங்கள் வாறியளோ, நான் கதைக்கட்டோ?"

மறுநாள் காலை மச்சாள் வந்தார். கொட்டாஞ்சேனையில் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து காலி வீதி பஸ் பிடித்து, வேலைக்குப் போகும் சனத்துக்குள் நசுங்கி, படியேறி, மூச்சு வாங்க வந்தார். வெறுவயிற்றில் விழுங்க வேண்டிய குளிசைகள். செங்கல் நிறத்தில், பெரிது பெரிதாக. அவற்றைச் சின்னத் தட்டில் வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் இருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆறுதலாக விழுங்கினேன்.

"இந்த விட்டமின் தொண்டையிலை நிக்கிற மாதிரிக் கிடக்கு மச்சாள். உங்களுக்கும் அப்பிடியே இருந்தது?"

"ஓம்," என்றார், யன்னலைப் பார்த்தபடி.

"என்னைப் பாருங்கோ. பாக்கத்தானே வந்தனீங்கள்."

ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று வைத்திருந்தேன். ஒரு நாள் விக்கியதாக நடித்தேன். ஒரு நாள் வேண்டுமென்றே கொமோட்டுக்குத் தண்ணீர் அடிக்காமல் விட்டுவிட்டு, "மச்சாள், பாத்ரூமுக்குப் போறதெண்டாப் போங்கோ," என்றேன். குளிசை முடிந்ததும் அவரை அனுப்பிவிடவில்லை. கண் களைக்காமல் வேலை செய்ய எனக்கு வாசித்துக் காட்ட ஆள் வேண்டியிருந்தது. தமிழ் உறுதிகளை அவர் முன்னால் போட்டேன். அவர் வடக்கே இன்னார் காணி, கிழக்கே ஒழுங்கை என்று வாசிக்க, நான் சிங்களத்தில் எழுதினேன். ஒரு சொல் தட்டினாலும் முதலிலிருந்து வாசிக்க வைத்தேன்.

இதில் எனக்கு எரிச்சலூட்டிய விஷயம் ஒன்று உண்டு. கீழ்மாடிக்காரி என்னைப் படியில் மறித்து, "இந்த வயசிலை அவ்வளவு தூரத்திலையிருந்து வந்து பாக்கிறா. உங்களுக்குக் கிடைச்ச மாதிரி ஒரு மச்சாள் ஆருக்குக் கிடைக்கும்!" என்றாள். ஊருக்குள் மச்சாளுக்குத் தியாகி என்று பேர் வந்துவிட்டது. அன்றைக்கு முழுவதும் நான் சட்டி பானையோடு சண்டை பிடித்தேன்.

மாதா மாதம் கண் டொக்டர் நிறங்களைக் காட்டிக் கேட்பார்: இது சிவப்பா, இது பச்சையா? நான் விழுங்கும் மருந்துகளில் ஒன்று கண்ணைக் காக்கத் தந்ததே தவிர, அசந்தால் அதுவே கண்ணைக் கெடுக்கவும் கூடுமாம். சொந்தக்காரர் மாதிரி என்றேன். டொக்டர் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார். கணவர் அங்கே இல்லை. அந்த அறைக்குள் அவர் வருவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். வெளியே வாங்கில் இருந்து ஃபோனைத் துடைப்பார்.

கிளினிக்கில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். மச்சாளோடு ஒரே வீட்டில் இருந்த எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று. கணவரையும் என்னையும் பார்த்துவிட்டார்கள். மகளைக் கூட்டிப் போங்கள் என்று மச்சாளிடம் பல தரம் சொன்னேன்.

"அங்கை போய் நிக்கேக்கை ஆரும் கண்டா?" என்றார்.

எனக்கு ஒரு கண் போயும் அந்த மனுஷிக்குப் புத்தி வரவில்லை.

கடைசியில் சம்பந்தம் ஒன்று கூடி வந்தது. மாப்பிள்ளை வெளிநாட்டில், தாய் தகப்பன் தெஹிவளையில். பெண் பார்க்க எங்கள் பிளாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள், வெள்ளவத்தை விலாசம் கொஞ்சம் எடுப்பாக இருக்கும் என்று. ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து. மச்சாள் விடியவே பயத்தம் பணியாரமும் முறுக்கும் கொண்டுவந்து, கதிரை உறை மாற்றி, ஓடியாடித் திரிந்தார். அன்றைக்கு என் குளிசையை மறந்துவிட்டார். அல்லது மறந்ததுபோல இருந்தார்.

நான் மறக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் முதல் பணியாரத்தைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, குளிசைத் தட்டோடு முன்னறைக்கு வந்து, அதைப் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மச்சாள், என்னை மறந்திட்டியளே."

"உதென்ன குளிசை, இவ்வளவு பெரிசு?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"கண்ணுக்கு. கண்ணுக்குப் பின்னாலை டீபி."

அந்த அம்மா கையிலிருந்த பணியாரத்தைத் தட்டில் திரும்ப வைத்தார். என்னைப் பார்த்தார், மச்சாளைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்து, டொக்டர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"வீட்டிலை வேறை ஆருக்கும் இருந்ததோ?"

கணவர் ஃபோனை எடுத்தார். துடைத்தார்.

"சீச்சீ!" என்றார் மச்சாள். "எங்கடை பக்கத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை. இவவுக்கு அவவின்ரை பக்கத்தாலை வந்திருக்கு. பாவம், நான்தான் ஒவ்வொரு நாளும் வந்து பாக்கிறன்."

என் பக்கமாம். என் அப்பாவும் அம்மாவும் ஒரு நாளும் இருமாமல் போய்ச் சேர்ந்த சனங்கள். என் கண்ணை எடுத்தது போதாதென்று, செத்துப்போனவர்களின் மேலும் தன் நோயைத் தூக்கிப் போட்டார். மாதக்கணக்கில் தீட்டி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் ஒரேயடியாகத் தொண்டைக்கு வந்தன. வாயைத் திறந்தேன்.

அப்போது மருமகள் தேத்தண்ணித் தட்டோடு அறை வாசலில் நின்றாள். எனக்குக் கண்ணில் பிறஷர் என்றும், அம்மா எனக்கு வாசித்துக் காட்டத்தான் போகிறார் என்றும் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் தட்டை மேசையில் வைத்தாள். என் குளிசையைக் குனிந்து பார்த்தாள்.

"அம்மா, இது நீங்கள் குடிச்ச குளிசையெல்லே," என்றாள். "இஞ்சை வந்து நிண்டு குடிச்சனீங்கள். மாமி பக்கத்திலை படுத்தவ."

மாப்பிள்ளையின் தகப்பன் மணிக்கூட்டைப் பார்த்தார். "நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்," என்று தாய் எழும்பினார். தேத்தண்ணி தொடப்படாமல் ஆடை பிடித்தது.

என் பழி நிறைவேறியது என்று சொல்ல வேண்டும். ஆனால் உள்ளதைச் சொன்னால், எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான் சொல்ல வைத்திருந்ததை இந்தப் பிள்ளை என் வாயிலிருந்து பறித்துச் சொல்லிவிட்டது. அதுவும் எவ்வளவு சாதாரணமாக! மச்சாள் குசினிக்குள் போய்ப் பெரிதாக அழுதார். கணவர் அக்காவைத் தேற்றப் போனார். மருமகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மாமி, நானும் ஒருக்காச் செக் பண்ணோணும் என்ன? எங்கை போறது?"

மறுநாள் நான்தான் அவளைக் கூட்டிப் போனேன். அவளுக்கு ஒன்றுமில்லை. மாப்பிள்ளை பகுதியிலிருந்து ஃபோன் வரவில்லை. அவள் அழுததாக மச்சாள் சொன்னார். எனக்கு முன்னால் அழவில்லை.

அதற்குப் பிறகு மச்சாள் வரமாட்டார் என்று நினைத்தேன். மிரட்ட என்னிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் மணியடித்தது, கதவைத் திறந்தேன், அதே மூச்சு வாங்கலோடு நின்றார். உள்ளே வந்து தட்டை எடுத்து, குளிசைகளை எண்ணி வைத்து, தண்ணீர் ஊற்றினார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுக்க என்னிடம் இல்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்:

"கண் இப்ப எப்பிடிக் கிடக்கு?"

நான் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வலது கண்ணால் அவரை நேரே பார்த்தேன்.

"உங்கடை தலைமயிர் தெரியுது. தோடு ரெண்டும் தெரியுது. சீலைக் கரை தெரியுது. முகம் இல்லை, மச்சாள். உங்களுக்கு முகமே இல்லை."

அவர் கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அட்டையில் அடையாளம் போட்டுவிட்டு, உறுதியை இழுத்து வைத்து வாசிக்கத் தொடங்கினார்.

குளிசைக் காலம் முடிந்தபோது டொக்டர் இடது கண்ணை வெகுநேரம் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது, தப்பிவிட்டது என்றார். வலது கண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கணவர் வெளியே வாங்கிலிருந்து எழும்பி, "என்னவாம்?" என்றார். "உங்கடை பக்கத்திலை ஒண்டும் இல்லையாம்," என்றுவிட்டு நடந்தேன்.

கடைசிக் குளிசையை மச்சாளுக்கு முன்னால்தான் விழுங்கினேன். அவர் அட்டையில் கடைசி அடையாளத்தைப் போட்டு, பேனையை மூடி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழும்பினார். இத்தனை காலத்தில் அவர் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

"அப்ப, இனி நான் வரத் தேவையில்லைத்தானே?"

நான் அடுத்த உறுதியை எடுத்து மேசையில் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

"நாளைக்கும் வாங்கோ மச்சாள். குளிசைதான் முடிஞ்சது."